கூரை மேல் குறி இருந்ததா?

அண்ணே,

போன வாரம் பூந்தமல்லியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். வாசலில் ஓர் ஆம்புலன்ஸை அதன் டிரைவர் கழுவிக்கொண்டிருந்தார். மழையில் எங்கோ சேற்றில் மாட்டிக்கொண்டு வந்த வண்டி போலிருக்கிறது, பக்கவாட்டில் முழுக்கச் செம்மண். ரப்பர் குழாய்த் தண்ணீர் பட்டதும் மண் கரைந்து வழிய, அடியிலிருந்து செஞ்சிலுவைக் குறி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மருந்தினால் எனக்கு எல்லாமே கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் எழுந்து போய், நுனிக்காலில் எம்பி, அந்த வண்டியின் கூரையைப் பார்க்க முயன்றேன்.

"இன்னாம்மா, மேல இன்னா தேடறீங்க?" என்றார் டிரைவர்.

"மேல குறி போட்டிருக்கா?"

"மேல எதுக்கும்மா? மேலருந்து யாரு பாக்கப் போறா?"

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அன்றிலிருந்து மனசுக்குள் உங்களோடு பேச்சு ஓயவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. சொல்லத்தான் ஆளில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

நீங்கள் முதல்முதலாக எங்கள் கடைக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய ஸ்க்ரீன் பிரிண்டிங் கடை அது. கம்பெனிகளின் இயந்திரங்களுக்குப் பெயர்த்தகடும், 'கை வைக்காதே', 'ஆபத்து' ஸ்டிக்கர்களும் அடித்துக் கொடுப்போம். ஃபிலிமில் எழுத்தைக் கத்தியால் வெட்டி எடுப்பது என் வேலை. நீங்கள் ஆவடியிலிருந்து சைக்கிளில் வந்திருந்தீர்கள். துண்டில் சுற்றிய ஒன்றைக் கைக்குழந்தையைப்போல மேசைமேல் இறக்கினீர்கள்.

மரத்திலும் தகரத்திலும் செய்த ராணுவ ஆம்புலன்ஸ், முழங்கை நீளத்துக்கு. பேக்கிங் பெட்டி மரத்தை இழைத்து, டால்டா டப்பாத் தகரத்தை வெட்டிச் செய்தது. பின்கதவுகள் திறந்தன. உள்ளே இரண்டு ஸ்ட்ரெச்சர்கள், துணி கட்டி. ஓரத்தில் ஒரு ஆள் உட்கார ஒரு சின்னப் பலகை. பச்சை வண்ணம் அடித்திருந்தீர்கள். ஆனால் அதன்மேல் ஓர் எழுத்துகூட இல்லை.

"இதுக்கு மார்க்கிங் போடணும்மா. நான் கையால எழுதினா கோணிக்கும்" என்றீர்கள்.

"பையனுக்கா?" என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேனோ, உங்கள் முகம் மாறிவிட்டது.

"இல்லம்மா. ஒரு அம்மாவுக்கு."

அந்தக் கதையை அன்று நீங்கள் சொல்லவில்லை. ராணுவத்தில் டிரைவராக இருந்தவர், இப்போது ஆவடி தொழிற்சாலையில் வண்டி ஓட்டுகிறவர், குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறவர் என்பது மட்டும்தான் அன்று தெரிந்தது. நம்பரை ஒரு சீட்டில் எழுதித் தந்தீர்கள். மேல்நோக்கிய அம்பு ஒன்று, பிறகு எண்கள். முன்பக்கம் மஞ்சள் வட்டத்தில் கறுப்பு எண் ஒன்று வர வேண்டும். எடை தாங்காத பாலத்தில் வண்டி ஏறிவிடாமல் இருக்க அது என்று விளக்கினீர்கள். பிறகு பிரிவின் அடையாளச் சதுரம். பிறகு வெள்ளை வட்டத்துக்குள் சிவப்புக் குறி.

நான் வழக்கமான எழுத்தில் வெட்டிக் கொடுத்ததைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். "நாலு இப்படி இருக்காதும்மா. எங்க பெயிண்டர் ஒரு பஞ்சாபி. அவன் போடற நாலுக்குத் தலை தொறந்திருக்கும். மூணோட மேல்பக்கம் தட்டையா இருக்கும்." இப்போது தொழிற்சாலைக்கு வருகிற வண்டிகளில் எழுத்து வேறு மாதிரி, அன்றைக்கு இருந்த மாதிரிதான் வேண்டும் என்று நின்றீர்கள். எழுபத்தொன்றில் நடந்த போரில் ஓட்டிய வண்டி. அதற்குப் பிறகு எத்தனையோ வண்டி ஓட்டியிருப்பீர்கள். அந்த ஒன்றின் நாலுக்குத் தலை திறந்திருந்தது இத்தனை நாள் கழித்தும் உங்களுக்குத் தெரிந்தது. இப்படி ஒரு ஞாபகமா என்று அசந்துபோனேன். அந்த ஞாபகத்தை நம்பித்தான் எல்லாக் குழப்பத்திலும் போய் மாட்டிக்கொண்டேன்.

பக்கவாட்டுக் குறிகளும் நம்பரும் மஞ்சள் வட்டமும் ஒட்டியாயிற்று. கூரைக்கானதை எடுத்தபோது என் கையைத் தடுத்தீர்கள்.

"அது இருக்கட்டும்மா."

"ஏன், மேல குறி கிடையாதா?"

"உண்டு. ஆனா அன்னிக்கு இருந்துதான்னு தெரியல."

சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவைக் காட்டினீர்கள். கறுப்பு வெள்ளை. வண்டிக்கு முன்னால் நீங்களும், உயரமாக, ஒல்லியாக, சிரித்துக்கொண்டு இன்னொருவரும். பக்கவாட்டுக் குறி பளிச்சென்று தெரிந்தது. கூரை தெரியவில்லை. "இது கெளம்பறதுக்கு முன்னால எடுத்தது" என்றீர்கள். விவரம் புரியாமல், என் வேலைக்காகத்தான் நான் கேட்டேன்: "அப்ப உங்களுக்கு எந்த நாள் வண்டி வேணும்ணே? கெளம்பின நாளா, அதுக்கப்புறமா?"

நீங்கள் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு வண்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் போல என்று முதலாளியிடம் சொன்னேன். அவர், "பொம்மை வண்டிக்கு நாளும் கிழமையுமா?" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் நீங்களே வந்தீர்கள். கடைக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னீர்கள். போட்டோவில் சிரிக்கிறவர் பெயர் தேவராஜ். உங்கள் வண்டியின் உதவியாளர். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டு, கூடவே உட்கார்ந்து வருகிறவர். மேற்கு எல்லையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போகிற மண்பாதையில், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். எதிரி விமானம் ஒன்று தாழ்வாக வந்தது. நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பாதையோரப் பள்ளத்தில் குதித்தீர்கள். தேவராஜ் இறங்கவில்லை. விமானம் வண்டியைச் சுட்டுவிட்டுப் போனது. வண்டி எரிந்தது.

"வெள்ளையா எது இருந்தாலும் ஆகாசத்துலேர்ந்து மின்னும், மறைச்சு வைங்கன்னு சொல்லியிருந்தாங்க. நான் மேல ஏறி மண்ணைக் கொழைச்சுப் பூசினது கண்ணுக்குள்ளயே நிக்குதும்மா. வாளி, ஈர மண்ணு, அந்த வட்டத்தை மூடற என் கை, எல்லாம் தெரியுது. ஆனா அது அந்த வண்டியா, அது எரிஞ்சப்புறம் எனக்குக் குடுத்த அடுத்த வண்டியா? அதான் தெரியல."

"பள்ளத்துலேர்ந்து எழுந்து கையைப் பாத்தேன், ரெண்டு கையிலயும் மண்ணு. அது பூசின மண்ணா, பள்ளத்து மண்ணா?"

டீ ஆறிப் போயிருந்தது. அதைக் குடிக்காமலேயே கேட்டீர்கள்:

"மண்ணு பூசியிருந்தா, அந்த பைலட்டுக்கு அது வெறும் லாரி. சுட்டுட்டான், அவனைச் சொல்லிக் குத்தமில்ல. தேவராஜ் செத்தது என் கையால. பூசலன்னா, குறியைப் பாத்துட்டே சுட்டிருக்கான். அவனோட அம்மாகிட்ட எதைக் கொண்டுபோய் வைக்கறது? எது நல்லதும்மா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். ஒரு நாள் மண் பூசாமலிருந்ததே நல்லது என்று தோன்றும், உங்களுக்காக. மறுநாள் பூசியிருந்ததே நல்லது என்று தோன்றும், அந்த அம்மாவுக்காக. ஆம்புலன்ஸ் என்று தெரிந்தே ஒருவன் தன் பிள்ளையைச் சுட்டான் என்பதைவிட, தெரியாமல் சுட்டான் என்பதை ஒரு தாயால் தாங்க முடியும் அல்லவா? பஸ்ஸில் போகும்போது இதே நினைப்பில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

உங்கள் பிரிவில் ஹவில்தாராக இருந்தவர் அம்பத்தூரில் சைக்கிள் கடை வைத்திருப்பது ஞாபகம் வந்து, ஒரு சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவர் பங்ச்சர் ஒட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, அப்படியே கீதே! எப்படிய்யா செஞ்சே?"

நீங்கள் கூரையைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் யோசிக்கவே இல்லை.

"மண்ணா? எவன் சொன்னது? வலை போட்டோம்யா. பச்சையா, கிழிஞ்ச துணி கோத்த வலை. கரும்புத் தோகையைச் சொருகிகினு போவோமே, மறந்துட்டியா?"

"வலை நிறுத்தி வைக்கும்போதுதானே சார் போடுவோம்? ஓட்டறப்ப?"

"ஓட்டறப்பவும்தான்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஓட்டறப்ப எடுத்துடுவோமோ?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, "அவராண்ட போய் கேக்கறியே அண்ணாத்தே, ஊட்டுச் சாவிய எங்க வச்சாருன்னு காலைலேர்ந்து தேடிகினு கீறாரு" என்றாள். நாம் மூவருமே சிரித்துவிட்டோம். ஆனால் திரும்பி நடக்கும்போது உங்கள் முகத்தில் சிரிப்பில்லை. இரண்டில் ஒன்று என்று தேடப் போனவர், மூன்றாவது ஒன்றோடு திரும்பினீர்கள்.

அதன் பிறகு அந்தக் கூரை பட்ட பாடு! ஒரு வாரம் அதில் மண் நிறத்தைப் பூசிக்கொண்டு வருவீர்கள். அடுத்த வாரம் தின்னரால் துடைத்துவிட்டு, குறியை ஒட்டலாம் என்பீர்கள். ஒட்டுவதற்குள் மனசு மாறிவிடும். கொசுவலைத் துண்டுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் போட்டுக்கூடப் பார்த்தீர்கள். என் வீட்டுக்காரர் உங்களுக்கு 'ஆம்புலன்ஸ் அண்ணன்' என்று பெயரே வைத்துவிட்டார். "இன்னிக்கு மண்ணா, குறியா?" என்பார் என்னிடம். அவருக்கு வேடிக்கை. எனக்கோ, வேலையில் வட்டம் எதை வெட்டினாலும் நடுவில் என்ன வரும் என்று கை நிற்கும்.

கடைசியில், "அங்க போய் முடிவு பண்ணிக்கலாம்மா. நீங்களும் வாங்க. தனியா போகத் தைரியமில்ல" என்றீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூருக்கு ரயிலேறினோம். கூரை வெறும் பச்சையாக இருந்தது. ஒட்ட வேண்டிய குறி என் கைப்பையில். மண் நிறம் ஒரு சின்ன டப்பாவில் உங்கள் பையில்.

ஏரிப் பக்கம், மகளோடு வாடகை வீட்டில் இருந்தார் தேவராஜின் அம்மா. நீங்கள் பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பார்ப்பது வழக்கம் என்று தெரியும். ஒரு பொங்கலுக்குத்தான் அவர் உங்களிடம் கேட்டிருக்கிறார்: "அவன் கடைசியா போன வண்டி எப்படி இருக்கும் தம்பி? ஒரு தடவ பாத்துட்டா தேவலன்னு இருக்கு." பிள்ளையின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காதவர், வண்டியைக் கேட்டார். அதற்காகத்தான் நீங்கள் மரத்தை இழைத்தது.

அம்மா வண்டியை மடியில் வைத்துக்கொண்டார். சக்கரத்தை உருட்டினார். பின்கதவுகளைத் திறந்து உள்ளே விரலை விட்டார்.

"இதுல அவன் எங்க குந்துவான்?"

அந்தச் சின்னப் பலகையைக் காட்டினீர்கள். அவர் விரல் அதன்மேல் வெகுநேரம் இருந்தது.

நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, போரில் குறி எப்படிப் போடுவார்கள், ஏன் மறைப்பார்கள் என்று ஆரம்பித்தீர்கள். மண், வலை, நம்பர், பெயிண்டர் என்று வார்த்தை எங்கெங்கோ போயிற்று. கடைசியில், "மேல குறி இருந்துதா, நான் மண்ணு பூசி மறைச்சிட்டேனான்னு எனக்கே தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்தீர்கள்.

அம்மாவுக்கு அது முழுக்கப் புரிந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம். அவர் கூரையைப் பார்க்கவே இல்லை. பலகையையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீ எறங்கினேல்ல தம்பி. அவன் ஏன் எறங்கல?"

அந்தக் கேள்விக்கு நாம் தயாராக வரவில்லை. இத்தனை மாதம் நாம் கூரையைப் பற்றித்தான் பேசியிருந்தோம்.

"கூப்பிட்டேம்மா. 'வாடா'ன்னு கத்தினேன். ரெண்டு பேரு படுத்திருக்காங்க, நீ போன்னுட்டான்."

அம்மா வண்டியின் கதவுகளை மெதுவாக மூடினார். அழவில்லை. "அவன் அப்படித்தான் சொல்லுவான்" என்றார்.

நான் கைப்பையைத் திறந்து, "ஒட்டட்டுமாம்மா?" என்று குறியைக் காட்டினேன். அவர் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரியலன்னு சொல்லுதே தம்பி. தெரியாதத எதுக்கு ஒட்டறது? இப்படியே இருக்கட்டும்."

வண்டி அலமாரியில் ஏறியது. திரும்பி வரும்போது ரயிலில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது: "ஒண்ணு மட்டும் உறுதிம்மா. அந்தக் கூரை வெறும் பச்சையா ஒரு நாளும் இருந்ததில்ல." அது உண்மைதான். குறி, மண், வலை என்று மூன்றில் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். தலை திறந்த நாலுவரை சரியாகப் போட்ட வண்டியில், தப்பு என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அது சரியா தப்பா என்று ஆவடி வரும்வரை இருவருக்கும் புரியவில்லை.

தொண்ணூறுகளில் நான் கடையை விட்டுவிட்டேன். நீங்கள் எப்போதாவது வீட்டுக்கு வருவீர்கள். ஒரு தடவை படியேறும்போதே, "ஞாபகம் வந்துடுச்சும்மா! வலைதான்! ஹவில்தார் சொன்னதுதான் சரி" என்று கத்திக்கொண்டு வந்தீர்கள். சந்தோஷத்தில் இரண்டு டம்ளர் காப்பி குடித்தீர்கள். அடுத்த தடவை வந்தபோது நானாகக் கேட்டேன். "வலை இல்லம்மா. அது பயிற்சியில" என்று முடித்துவிட்டீர்கள். இன்னொரு தடவை, ஆயுத பூஜைக்கு அந்த அம்மா வண்டிக் கூரை நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். "செவப்பா ஒண்ணு வந்துடுச்சு. சரியா இதுன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்ததுபோல இருந்தது. இல்லாமலும் இருந்திருக்கலாம்.

கடைசியாக வந்தபோது உடம்பு இளைத்திருந்தது. கூரையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டே, மெல்லிய குரலில் கேட்டீர்கள்:

"ஒருவேளை நான் அவனைக் கூப்பிடவே இல்லையோம்மா? நான் பாட்டுக்குக் குதிச்சு ஓடிட்டு, கூப்பிட்டேன்னு பின்னால நானா நெனச்சுக்கிட்டேனோ?"

"அப்படியெல்லாம் இருக்காதுண்ணே" என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் சொன்னேன். நீங்களும் நம்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். அதன் பிறகு உங்கள் சாவுச் செய்திதான் வந்தது.

காரியம் எல்லாம் முடிந்து உங்கள் மனைவியைப் பார்க்கப் போனேன். அண்ணி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "உங்ககிட்ட சண்டையப் பத்தி நிறைய பேசுவாராமே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. அங்க என்னதான் நடந்துது?" என்று கேட்டார்.

நான் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மண்ணையும் சொன்னேன், குறியையும் சொன்னேன், வலையையும் சொன்னேன். "இதுல எது நெஜம்?" என்றார். தெரியாது என்றேன். பிறகு, நீங்கள் கடைசியாக என்னிடம் கேட்டதையும் சொன்னேன். கூப்பிட்டேனா இல்லையா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டதை.

அண்ணி என்னையே பார்த்தார்.

"கூப்பிடலயா? யாரு, இவரா?" என்றார். "சண்டை முடிஞ்சு வந்து கல்யாணமான நாள்லேர்ந்து தூக்கத்துல கத்துவாரு. 'வாடா, எறங்கி வாடா, வாடா'ன்னு. பக்கத்து வீட்டுக்காரங்க எழுந்து வந்துடுவாங்க. ஏதோ பயந்துட்டாருன்னு நெத்தியில விபூதி வச்சுப் படுக்க வைப்பேன். காலையில கேட்டா ஒண்ணும் ஞாபகமில்லம்பாரு. சங்கடப்படுவாரேன்னு நானும் என்ன கத்தினாருன்னு சொன்னதில்ல."

நீங்கள் சந்தேகப்பட்ட அந்த ஒரு வார்த்தை உங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. ஆண்டுக்கணக்காக அதை அண்ணி கேட்டிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்காதவர் நீங்கள் ஒருவர்தான்.

தூக்கத்தில் கத்தியது சாட்சி ஆகுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கூப்பிடாதவனும் கனவில் கூப்பிடலாமே என்றார். அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. கூரையைப் போலவே இதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஆனால் இதில் மட்டும் நான் ஒரு பக்கமாக நின்றுவிட்டேன் அண்ணே. நீங்கள் கேட்டபோது ஆதாரமில்லாமல் சொன்னதை இப்போது அழுத்தமாகச் சொல்கிறேன். நீங்கள் கூப்பிட்டீர்கள். வீட்டில் எல்லோரும் கேட்டார்கள்.